நடையை மிச்சம் பிடித்த நாள்

போன வருஷம் ஆடி மாதம். புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் இருக்கும் என் அட்டைப்பெட்டி கம்பெனிக்கு எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகளை ஒரு பேராசிரியை கூட்டி வந்தார். "ஐயா, லீன் புரொடக்‌ஷன்னா என்னன்னு நீங்களே இவங்களுக்கு நேர்ல காட்டணும்" என்றார். எனக்கென்ன தயக்கம்? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பிரெஞ்சு பென்ஷனில் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, ஒற்றை மெஷினில் ஆரம்பித்து இவ்வளவு பெரிய கம்பெனியை உருவாக்கியவன் நான்.

"பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. வெட்டி வேலை எங்க நடக்குதுன்னு பாரு, நிறுத்து. அவ்ளோதான்" என்று ஆரம்பித்தேன். வெறும் பேச்சு என்றால் பிள்ளைகள் செல்போனை எடுத்துவிடும். அதனால் அங்கேயே செய்து காட்டினேன். அட்டை அறுக்கும் மெஷின் ஷெட்டின் ஒரு கோடியில், பின் அடிக்கும் மெஷின் மறு கோடியில். அறுத்த அட்டையை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடப்பது பிள்ளைச்சாவடியிலிருந்து வரும் ஓர் அம்மாவின் வேலை. ஆட்களை விட்டு இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் போட வைத்தேன். அறுத்த அட்டை பின் அடிப்பவர் கைக்கே வந்தது. பெட்டி மளமளவென்று குவிந்தது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். "சார், நீங்க எங்க காலேஜுக்கே வந்துடுங்க" என்றான் ஒருவன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா வெறுங்கையோடு முன்னால் வந்தார். "அப்போ நாளைக்கு நான் வரணுமா, மொதலாளி?"

கைதட்டல் அடங்கிப்போனது. ஆட்கள் மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். அவர் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"நடையத்தாம்மா நிறுத்தினேன், உன்னை இல்ல. நாளையிலேர்ந்து பின் மெஷின் கத்துக்கோ. சம்பளம் குறையாது" என்றேன். அது போதாது என்று தோன்றியது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வேலை சுலுவாச்சுன்னு இங்கேர்ந்து யாரையும் அனுப்ப மாட்டேன்" என்றேன்.

"ஐயோ, விரல்ல பின் அடிச்சுக்கப் போறேன்" என்றார் அந்த அம்மா.

"கவலப்படாதக்கா, பெட்டியோட சேத்து உன்னையும் லோடு ஏத்திடறோம்" என்றார் பின் அடிப்பவர். சிரிப்பில்தான் மெஷின் மறுபடி ஓடியது.

மறுநாள் காலையில் பசை தடவும் பெண் என்னிடம் வந்தாள். "மொதலாளி, பசை டின்னு வாசலாண்ட இருக்கு. எடுக்கப் போயே நேரம் போவுது. இங்க வச்சுக்கட்டுமா?" பின்னாலேயே அட்டை அறுப்பவர் வந்தார். ஓரத்தில் கழிகிற துண்டில் சின்னப் பெட்டி போடலாம் என்றார்.

"இத்தன வருஷமா ஏன்யா சொல்லல?"

"சொன்னா யாரு வேலைக்கு உலை வைக்குமோன்னு பயம்தான் மொதலாளி."

இப்போது அந்தக் காலேஜில் அவ்வப்போது நானே பாடம் எடுக்கிறேன், அதுவும் பட்டம் வாங்கியவர்களுக்கு! மெஷினை எங்கே போடுவது என்பதை அப்புறம்தான் சொல்கிறேன். பிழைப்பு போகாது என்ற தைரியத்தை ஆளுக்கு முதலில் கொடு, வெட்டி வேலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவனே கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டுவான் என்றுதான் ஆரம்பிக்கிறேன்.