பையில் தங்கிப்போன அரிவாள் துண்டு

எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருடம், கடத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் கூடாரம் போட்டிருந்தோம். பூமியின் காந்தப்புலத்தை அளப்பது எங்கள் வேலை. வரிசையாக முளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் கருவியை நிறுத்தி, அது காட்டும் எண்ணை எழுதிக்கொண்டே போக வேண்டும். மண்ணுக்கடியில் பாறை மாறினால் எண்ணும் மாறும். இதைச் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. தங்கம் தேடுகிறோம் என்று பாதிப் பேர், தண்ணீர் தேடுகிறோம் என்று மீதிப் பேர்.

இந்த வேலைக்கு இரும்பு ஆகவே ஆகாது. பக்கத்தில் ஒரு சாவிக்கொத்து இருந்தாலும் எண் புரண்டுவிடும். அதனால் காலையில் முதல் காரியமாக ஒரு துணிப்பையை நீட்டுவேன். சாவி, பேனாக்கத்தி, வாட்ச், ஊக்கு எல்லாம் அதில் விழும். பையைத் தூரத்துப் புளியமரத்தில் மாட்டிவிடுவோம். பெல்ட் போடக் கூடாதென்று நான் பேன்ட்டைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு திரிந்தேன். அந்த லட்சணத்தில் பெரிய விஞ்ஞானி என்ற நினைப்பு வேறு.

கருவியின் முக்கியமான பாகம் ஒரு நீளக் கழியின் நுனியில் இருக்கும். அதை ஆடாமல் பிடிக்க உள்ளூரில் ஆள் வைத்துக்கொள்வோம். கடைசி நாளன்று வழக்கமான ஆள் வரவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்து நின்றாள். கணவன் கிணறு வெட்ட வெளியூர் போயிருக்கிறான், கனமில்லாத வேலை என்றால் தானே செய்கிறேன் என்றாள். சரி என்றேன்.

முதல் முளையிலேயே எண் நிற்கவில்லை. ஒரே இடத்தில் மூன்று தடவை பொத்தானை அழுத்தினால் மூன்று விதமாகக் காட்டியது. எங்கள் அதிகாரி என்னைப் பார்த்துக் கத்தினார். நான் அவள்மேல் பாய்ந்தேன்.

"ஏம்மா, இடுப்புல என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

"மிஷின் பொய் சொல்லாது. எடுங்க வெளியே."

சேலை மடிப்பிலிருந்து ஒரு துணிப் பொட்டணத்தை எடுத்தாள். உள்ளே உடைந்த கதிரரிவாளின் முனை, விரல் நீளத்துக்கு.

"அத்தை கட்டுனதுங்க. முன்னாடி ரெண்டு தங்கல. காத்து கருப்பு அண்டாம இருக்க, பொறக்குற மட்டும் இடுப்ப வுட்டு எடுக்கக் கூடாதுன்னாங்க. எடுத்தது தெரிஞ்சா என்னை வூட்ல வச்சிக்க மாட்டாங்க சார்."

"சாயங்காலம் குடுத்துடறேன். இன்னிக்கு வேலை வேணுமா, வேணாமா?"

இரும்பைப் பையில் போட்டாள். வெறும் துணியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு எண்கள் சொன்ன பேச்சு கேட்டன. அந்த மாதத்திலேயே சுத்தமான அளவு அன்றைக்குத்தான் கிடைத்தது. எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மாலையில் அவசர அவசரமாகக் கூடாரத்தைப் பிரித்து இண்டூர் பக்கம் கிளம்பினோம். அவரவர் சாமானைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவள் மாமியார் கூட்டிப்போக வந்து பக்கத்திலேயே நின்றதால் அவள் வாய் திறக்கவில்லை. என்னையே இரண்டு முறை பார்த்தாள். வழியனுப்ப நிற்கிறாள் என்று நினைத்து, கையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

மூன்றாம் நாள்தான் பையின் அடியில் அந்தத் துண்டு தட்டுப்பட்டது. திருப்பிக் கொடுக்க தர்மபுரி போய் பஸ் மாற வேண்டும், ஒரு நாள் ஓடிவிடும். ஒரு துருப்பிடித்த அரிவாள் முனைக்கு ஒரு நாளா? வேறொன்று கட்டிக்கொண்டிருப்பாள் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் தினமும் காலையில் பையை நீட்டுமுன் அதன் அடியைத் தடவிப் பார்த்தேன். ராத்திரி அந்தப் பையைக் கூடாரத்துக்கு வெளியே வைத்துவிட்டுப் படுக்க ஆரம்பித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். தெருவில் என்னைப் பார்த்ததும் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் வீட்டு வாசலில் கணவன் உட்கார்ந்திருந்தான்.

"கொழந்த போயிருச்சிங்க சார். வியாழக்கிழம. முன்னாடியே வலி வந்து, செத்துதான் பொறந்துச்சு."

உள்ளிருந்து மாமியார் வந்தாள். "நான் கட்டுன பொட்டணம் கட்டுன மேனிக்கு இடுப்புலயே இருந்துச்சு. இரும்பு இருந்தும் போச்சுன்னா, இவதான் எங்கயோ போவாத எடத்துக்குப் போயிருக்கா. கேட்டா வாயத் தொறக்க மாட்றா. இவளைக் கொண்டுபோய் அவங்கம்மா வூட்ல வுட்டுட்டு வாடான்றேன்."

கதவோரம் அவள் நின்றிருந்தாள். என் கை சட்டைப்பைக்குப் போனதைப் பார்த்துவிட்டாள். மிக லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. இரும்பை எடுத்த அன்று சாயங்காலமே அந்தத் துணியில் ஏதோ கல்லை வைத்துக் கட்டியிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கணவன் கேட்டான். "ஊர்ல அந்த மிஷினப் புடிச்சதாலதான்னு பேசிக்கிறாங்க. நெசமா சார்?"

அந்தக் கேள்விக்கு எத்தனையோ ஊர்களில் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறேன். கருவி எதையும் பூமிக்குள் அனுப்பாது, இருப்பதை அளக்கும், கைக்குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாது என்று.

"ஆமாங்க," என்றேன். "மிஷினாலதான் இருக்கும். மாசமா இருக்கறவங்கள அதைப் பிடிக்க வச்சிருக்கக் கூடாது. தப்பு என்னுது. இவங்க மேல எதுவும் இல்லீங்க."

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு என்னைச் சபித்தாள். பிறகு மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இனி இந்த ஊர் எல்லையில் கால் வைக்காதீர்கள் என்று கணவன் சொன்னான். கிளம்பிவிட்டேன்.

இரும்பு யாரையும் காப்பாற்றாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்ல முடியாமல், அவள் மூன்று வாரம் பயந்துகொண்டே படுத்து எழுந்திருக்கிறாள். அந்தப் பயத்தைக் கொடுத்தவன் நான்.