அரபியில் எழுந்த லேப்டாப்

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு, மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுக்க ‘கம்ப்யூட்டர் எஞ்சினியர்’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நானேதான்.

ஷார்ஜாவில் ஹோட்டல் சமையற்காரரான அத்தான் அங்கேயே வாங்கி அனுப்பிய லேப்டாப், வைரஸ் புகுந்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எழுந்திருக்க மறுத்தது. அன்று சாயங்காலம்தான் அவர் தன் மகளை முதல்முறையாகத் திரையில் பார்ப்பதாக இருந்தது. அக்கா காலையிலேயே குழந்தைக்கு மை தீட்டி வைத்துவிட்டாள்.

“அழாதே அக்கா. இதுக்குள்ளயே ரிக்கவரின்னு தனியா ஒரு எடம் இருக்கு. புதுசுல எப்படி இருந்துச்சோ, அந்த நகலைக் கம்பெனிக்காரன் அதுல பூட்டி வச்சிருக்கான். எஃப் பதினொண்ணு அமுக்கினா புதுசாயிரும்.”

“என் கல்யாணப் படம்?”

“அது சிடியில பத்திரமா இருக்கு. நீ முறைக்கிற மூஞ்சி உள்பட.”

அமுக்கினேன். நடுவில் எந்த மொழி வேண்டும் என்று ஒரு கட்டம் கேட்டிருக்கிறது. எதையும் வாசிக்காமல் என்டர் தட்டுவது எஞ்சினியர்களின் வழக்கம். மதியம் லேப்டாப் சொன்னபடி புதிதாக எழுந்தது, முழுக்க அரபியில்.

பக்கத்துத் தையல்கடைக்காரரை எல்லோரும் ‘இக்கா’ என்போம், மலையாளத்தில் அண்ணன். சின்ன வயதில் மதரசாவில் ஓதியவர். ஓடிப்போய் அழைத்து வந்தேன். திரையை உற்றுப் பார்த்தார்.

“வாசிக்கலாம்டா மோனே. அர்த்தம் மட்டும் கேக்கண்டா.”

அத்தானுக்குப் போன் போட்டோம். அவர் கதை நேர்மாறு. “அரபிக்காரன் பேசினா எல்லாம் புரியும். எழுத்துன்னா நான் சைபர்டா.”

ஆக, இக்கா வரிவரியாகப் போனில் வாசித்தார். அத்தான் ஷார்ஜாவிலிருந்து அர்த்தம் சொன்னார். நான் அமுக்கினேன்.

“இக்கா, அதை ஒண்ணூடி வாசிங்க... ஆங், ‘சம்மதம்’ங்கிறான்,” என்றார் அத்தான்.

“சம்மதம்னா அமுக்கெடா!” என்றார் இக்கா என்னிடம்.

“எதுக்குச் சம்மதம்னு கேளுங்க இக்கா,” என்றாள் அக்கா. “இவன் ஏற்கெனவே ஒருதடவ கேக்காம அமுக்கினவன்.”

சாயா இரண்டு முறை வந்துபோனது. இருட்டுவதற்குள் வீடியோ சாட் எப்படியோ ஏறிவிட்டது. திரையில் அத்தான் முகம் தெரிந்தது. அக்கா குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். அதுவரை ஓயாமல் பேசிய மனிதர் வாயே திறக்கவில்லை.

குனிந்து கேட்டேன். “அத்தானே, சவுண்டு வரலியா?”

“வருதுடா. நீ தள்ளி நில்லு. உன் மண்டை என் பிள்ளையை மறைக்குது.”