எதிரெதிராய் ஆடிய இரண்டு கோடுகள்

நெருக்கடி நிலை அமலில் இருந்த சமயம். வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த நான், ஆடி மாத விடுப்பில் கேரள மலையிலிருக்கும் எங்கள் பீர்மேட்டுக்கு வந்திருந்தேன். அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் வேலை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான தோட்டத்து லயத்தில் எங்களுக்கு ஓர் அறையும் ஓர் அடுப்படியும். என் பெட்டியில் துணிகளைவிடப் புகைப்படங்கள்தான் அதிகம். எல்லாம் மின்துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப் திரையைப் படம்பிடித்தவை. கறுப்பில் ஓடும் வெள்ளைக் கோடுகள்.

எங்கள் கருவி வளையமாக வளைத்த ஓர் உலோகக் குழல். அதற்குள் ஹைட்ரஜனை நிரப்பி, பெரும் மின்னோட்டத்தால் சூடாக்கி, மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவாக்குவோம். அது சுவரைத் தொட்டால் சூடெல்லாம் போய்விடும். அதனால் தொடாதபடி காந்தப்புலத்தால் பிடித்து வைக்க வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குகூட எங்களால் அதைப் பிடித்து வைக்க முடியவில்லை. குழலில் எங்கோ காற்று கசிகிறது என்று முடிவு செய்த பேராசிரியர், கருவியை முழுவதும் கழற்றிவிடச் சொல்லியிருந்தார். திரும்பப் பூட்ட மாதக்கணக்காகும்.

கழற்றும் வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், மழையால் வெளியே போக வழியில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரே சோதனையில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். குழலின் எதிரெதிர்ப் பக்கங்களில் காந்தப்புல மாற்றத்தை அளக்க வைத்த இரண்டு கம்பிச்சுருள்கள் காட்டியவை அவை. அதுவரை தனித்தனியாகத்தான் பார்த்திருந்தோம். மேல் கோடு ஏறிய இடத்திலெல்லாம் கீழ்க் கோடு இறங்கியது. இன்னொரு ஜோடியை எடுத்தேன். அதிலும் அப்படியே. ஏழு ஜோடியிலும் அதேதான்.

காற்றுக் கசிவென்றால் இரண்டும் சேர்ந்தே மங்கியிருக்கும். இது கசிவில்லை. பிளாஸ்மா முழுசாக நெளிந்து, ஒரு பக்கத்தை விட்டு விலகி மறுபக்கச் சுவரில் போய் மோதுகிறது. காந்தப்புலம் தாங்குவதற்கு மேல் மின்னோட்டத்தைக் கொடுத்திருக்கிறோம்.

வேலை முடிந்து நனைந்து வந்த அம்மாவிடம், "உடனே தந்தி குடுக்கணும்மா" என்றேன்.

"இந்த மழையிலயா? மண்ணு சரிஞ்சு பஸ்ஸே ஓடலியேட்டி."

"நாளைக்கு அவுக மிஷின கழட்டிருவாகம்மா. தப்பு மிஷின்ல இல்ல."

அம்மா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஈரச் சேலையை மாற்றாமலே குடையை எடுத்தார். "நட. குறுக்க போயிரலாம்."

தேயிலைச் சரிவுகளில் வழுக்கி வழுக்கி இறங்கி, மூடுவதற்குச் சற்று முன்னால் தபாலாபீஸை அடைந்தோம். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைத் தந்தி குமாஸ்தா இரண்டு முறை படித்தார். 'கழற்ற வேண்டாம். எதிர்ச்சுருள்கள் எதிர்த்திசையில் ஆடுகின்றன. ஓட்டத்தைக் குறைத்துப் புலத்தைக் கூட்டவும்.' எதையும் சந்தேகத்தோடு பார்த்த நெருக்கடிக் காலம் அது. அவர் முகம் மாறியது.

"இது எந்தா மோளே, ரகசிய பாஷயோ?"

நான் விளக்கத் தொடங்குமுன் அம்மா முன்னே வந்தார். "எம்மவ விஞ்ஞானிங்கய்யா. இவ சொன்னாத்தான் அங்க மிஷினு ஓடும்."

அது அப்பட்டமான மிகை. என் பேச்சைக் கேட்டு அங்கே யாரும் ஒரு திருகாணியைக்கூடத் திருகியதில்லை. ஆனாலும் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. குமாஸ்தா சிரித்துவிட்டுத் தந்திக் கருவியைத் தட்டத் தொடங்கினார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. தபால்காரர் அதைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். எல்லோர் எதிரிலும் என்னை ஆள்விட்டுக் கூப்பிட்டு, "தமிழ்ல சொல்லு" என்றார் அம்மா. சொன்னேன்: "நீ சொன்னபடி செய்தோம். நெளிவு அடங்கியது. பிளாஸ்மா முன்பைவிட நெடுநேரம் நிற்கிறது. சீக்கிரம் வா."

பறிப்புக்காரப் பெண்களுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. ஆனால் 'நீ சொன்னபடி செய்தோம்' என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். சத்தம் போட்டுப் படித்தேன்.

நெளிவு அடங்கியபிறகும் சூடு வேறு ஏதோ வழியில் மெல்லக் கசிந்துகொண்டுதான் இருந்தது. அதைத் தேடுவதில் எனக்கு இன்னும் மூன்று வருடம் போயிற்று. ஆனால் நெளிவைப் பற்றி வெளியான முதல் கட்டுரையில் பேராசிரியர் என் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டார். அச்சான பிரதியை ஊருக்கு எடுத்துப்போனேன். எழுத்துக் கூட்டத் தெரியாத அம்மா, என் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார்.