அம்மா சாமளாபுரத்துக்காரி ஆன கதை

என் மாமாவுக்குத் தெரியாத வித்தை கிடையாது. பனியன் கம்பெனியில் டெய்லர். ஞாயிற்றுக்கிழமையானால் வேஸ்ட் துணியைச் சுருட்டி எனக்குப் பந்து செய்து தருவார், சூப்பர்வைசர் மாதிரி பேசிக் காட்டிச் சிரிக்க வைப்பார். அம்மாவும் அவரும் உடுமலைக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் செட்டில்மென்டில் பிறந்த மலைவாசிகள். நான்தான் கம்பெனிக்குப் பக்கத்தில், ராயபுரத்து லைன் வீட்டில் பிறந்து, எதற்கெடுத்தாலும் 'ஏனுங்க, இல்லீங்க' என்று இழுப்பவள். "நம்மூட்லயும் ஒரு மொதலாளியம்மா" என்று மாமா கேலி செய்வார். எனக்கு அதில் பெருமைதான்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. மாமா ஷிப்டில் இருந்ததால் நானும் அம்மாவும் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது வேண்டாம். சீட்டு எழுதிய நர்ஸ் எந்த ஊர் என்று கேட்டாள். அம்மாவுக்குப் பொய் வராது, செட்டில்மென்ட் பெயரைச் சொன்னாள். "குடிச்சியா?" என்றாள் நர்ஸ், குனிந்த தலை நிமிராமல். அம்மா சாராயத்தைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டாள். மத்தியானம் வரை வராந்தாவில் உட்கார வைத்து, வயிற்றில் ஒரு விரல்கூட வைக்காமல், நாலு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் மாமா வந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என்னை மடியில் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கு நம்மூரு சாமளாபுரம். தெரியுதா கண்ணு?"

"ஏனுங்க மாமா?" சாமளாபுரம் கீழே சமவெளியில் இருக்கிற ஊர், நாங்கள் அங்கே போனதுகூட இல்லை.

"நம்மூரு வயித்துவலிக்கு அங்க மருந்தில்ல சாமி. சாமளாபுரத்து வயித்துவலிக்கு இருக்குது."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "பொறந்த ஊர எதுக்கு மறைக்கோணும்?" என்று கோபித்தாள். ஆனால் விடிவதற்குள் வலி அவளைச் சுருட்டிப் போட்டுவிட்டது, அதற்குமேல் ஊரைப் பற்றிப் பேச அவளுக்குத் தெம்பில்லை. மாமா பக்கத்து வீட்டுச் சேலையை வாங்கி அம்மாவை உடுத்தச் சொன்னார், தன் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மலைப்பேச்சு வராத நான் மட்டும்தான் பேச வேண்டும் என்று ஏற்பாடு. பள்ளிக்கூட நாடகத்தில் எனக்கு மரம் வேஷம்தான் கொடுத்திருந்தார்கள். இப்போது கதாநாயகியே நான்தான்.

மூன்று பேரும் போனபோது அதே நர்ஸ்தான் இருந்தாள். முந்தின நாள் எங்கள் முகத்தைப் பார்த்திருந்தால்தானே அடையாளம் தெரியும்?

"சாமளாபுரமுங்க அக்கா" என்றேன்.

"அட! எங்க அம்மாயி ஊரு! குளத்துக்கு எந்தப் பக்கம் ஊடு?"

இதை மாமா சொல்லித்தரவில்லை. "குளத்துக்குள்ள இல்லீங்க அக்கா, கரைலதானுங்க" என்று அடித்துவிட்டேன். நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா இருமுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். பத்தே நிமிடத்தில் டாக்டர் அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடல்வால் வீங்கியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அன்றைக்கே ஆபரேஷன் முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் மாமா எனக்கு வாங்கிக் கொடுத்த தேங்காய் பன்னைப்போல ஒன்றை நான் பிறகு தின்றதேயில்லை.

மறுநாள் குளுக்கோஸ் மாற்ற வந்த நர்ஸ், அம்மாவிடம் சொந்தக்காரியைப்போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க நேரத்தோட வந்துட்டீங்க அக்கா. முந்தாநேத்து மலைல இருந்து ஒருத்தி, இதே வயித்துவலின்னு வந்தா. குடிச்சுப்போட்டு வந்து வலிக்குதும்பாங்க. அவிங்களுக்கெல்லாம் பாத்தா முடியுமா? தொரத்தி உட்டாச்சு."

அவள் சொல்வது எங்களைத்தான் என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நன்றாக ஏமாந்துவிட்டாள்! வார்டே திரும்பிப் பார்க்கும்படி கைதட்டிச் சிரித்தேன். நர்ஸும் என்னோடு சேர்ந்து சிரித்தாள். அம்மா மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

"அக்கா, அம்மாவுக்கு ஊசி வலிக்குதுங்க" என்றேன்.

நர்ஸ் பதறிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, வெகுநேரம் பிரியமாகத் தடவிக் கொடுத்தாள். இவ்வளவு நல்ல அக்கா தடவியும் அம்மாவுக்கு ஏன் அழுகை நிற்கவில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை.