என் பேஸ் கிற்றார் இரைந்த கதை

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் பிராண்டேயில் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்குப் பேஸ் கிற்றார் வாசித்தவள் நான். கிழமை நாளில் தையல் தொழிற்சாலை. சனிக்கிழமை பின்னேரம் டெனிஷ் தேவாலயத்துக்காரர் எங்களுக்கு விட்டுத்தந்த மண்டபத்தில் பாட்டுப் பயிற்சி. பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்தத் தடிச்ச கம்பி என்று யாராவது கேட்டால், அம்பிளிபயரின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

கிற்றார் பழையது, பாசிவ் பிக்கப் உள்ளது. கம்பிக்குக் கீழே காந்தம், காந்தத்தைச் சுற்றி ஒரு செப்புச் சுருள், அவ்வளவுதான். பற்றரி கிடையாது. விரல் எப்படித் தொடுகிறதோ அப்படியே சத்தம் வரும்: மெல்லத் தொட்டால் மெல்ல, கோபத்தில் இழுத்தால் கோபமாக. எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல். ஒரேயொரு குறை, அந்த மண்டபத்தில் அது 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருக்கும். மெதுவான பாட்டென்றால் இரைச்சல்தான் முன்னுக்குக் கேட்கும்.

கிறிஸ்து பிறந்த நாளான நத்தார் நெருங்கிய நேரம், டோஸ்ட்ருப்பிலிருந்து ஒரு தம்பி வேலைக்காக எங்கள் ஊருக்கு வந்தான். கையில் புத்தம்புதுப் பேஸ் கிற்றார், அக்டிவ் பிக்கப். உள்ளே ஒரு பற்றரி. கம்பியின் சத்தத்தை உள்ளுக்குள்ளேயே பெருப்பித்துத்தான் வெளியே அனுப்பும். இரைச்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மெல்லத் தொட்டாலும் பலமாகத் தொட்டாலும் ஒரே சீராக, அழகாக வந்தது. குறை சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

குழுவை நடத்திய அண்ணை உடனேயே முடிவைச் சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, நத்தாருக்குத் தம்பி வாசிக்கட்டும். நீர் பாடுறவையோட நில்லும்."

வீட்டுக்கு வந்து, அடுப்பில் கறி கொதிக்க, குசினியிலேயே கிற்றாரை அம்பிளிபயரில் செருகினேன். இரைந்தது. முன்னறையில் ஒருநாளும் இரைந்ததில்லையே! நிமிர்ந்து பார்த்தேன். முன்னறையில் குண்டு பல்ப்; குசினியில், மண்டபத்தில்போலவே, ரியூப் லைற். அணைத்தேன். இரைச்சல் அப்படியே நின்றுவிட்டது. கறி அடிப்பிடித்து மணத்தபோதுதான், இருட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன் என்று தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை கிற்றாரையும் தூக்கிக்கொண்டு நேரே அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, பிழை கிற்றாரில இல்லை, உந்த ரியூப் லைற்றிலதான். அதின்ர இரைச்சலை என்ர பிக்கப் பிடிக்குது."

"ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்!" என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். மண்டபத்தைப் பூட்டித் திறக்கிற திறப்பை வைத்திருந்த டெனிஷ் அம்மாவிடம் போய், நத்தார்ப் பாட்டை மெழுகுதிரி வெளிச்சத்தில் பயிற்சி செய்தால் என்ன என்று கேட்டேன். டிசம்பர் மாதத்தில், மெழுகுதிரி ஏற்றக் காரணம் தேடுகிற டெனிஷ்காரரிடம் கேட்கிற கேள்வியா அது? அவருக்கு வாயெல்லாம் பல். யன்னலோரமெல்லாம் திரி ஏற்றி, ரியூப் லைற் முழுவதையும் தானே அணைத்தார். அண்ணைக்கும் அந்த வெளிச்சம் பிடித்துவிட்டது. மங்கலில் நான் தம்பிக்குப் பக்கத்தில் நின்றதைக் கவனியாமல் எங்களுக்கு முதுகைக் காட்டி, பாடுகிறவர்களைப் பார்த்தபடி கையை உயர்த்தினார்.

தம்பி தன் கிற்றாரிலிருந்து வயரைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "அக்கா, நீங்க வாசியுங்கோ. எனக்கும் கேக்கவேணும்," என்றான் மெதுவாக.

வாசித்தேன். துளி இரைச்சல் இல்லை. தொடக்கத்தில் விரல் நுனியால் தொட்டேன். சத்தம் மூச்சு விடுகிற அளவில் வந்தது. கடைசிச் சரணத்தில் இழுத்து வாசித்தேன். பலகைத் தரை காலடியில் அதிர்ந்தது. பாடுகிறவர்களுக்கு வாசிப்பது நான் என்று தெரிந்தது. ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை, குரலை மட்டும் என்னோடு சேர்ந்து உயர்த்தினார்கள்.

பாட்டு முடிந்தது. அண்ணை திரும்பாமலே, "கேட்டியளே? புதுக் கிற்றார் எண்டா இதுதான்! இரைச்சலும் இல்லை, உயிரும் இருக்கு. தம்பி, நத்தாருக்கும் இப்பிடியே வாசியும்," என்றார்.

"அண்ணை, நான் வாசிக்கேல்லை," என்றான் தம்பி.

அண்ணை திரும்பினார். வயர் என் கிற்றாரில் இருந்தது. நான் சுவரடிக்குப் போய் லைற்றைப் போட்டேன். 'ம்ம்ம்.' அணைத்தேன். அமைதி. ஆசைக்கு இன்னொருதரம் போட்டு அணைத்தேன்.

"மேடை கோணல்தான், அண்ணை."

மண்டபமே சிரித்தது. அண்ணை தாடையைத் தடவினார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

"ஓம் தங்கச்சி. நத்தாருக்கு நீரே வாசியும். லைற்றை நான் நிப்பாட்டுறன்."

சொன்னபடியே செய்தார். நத்தாரன்று சபை நிறைந்திருக்க, அண்ணை தன் கோட்டுச்சூட்டோடு சுவரடிக்கு நடந்துபோய், ஒவ்வொரு சுவிச்சாக அணைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் நான் கம்பியைத் தொட்டேன்.