மாதேஷ் ஆடாத இறுதிப் போட்டி

கலா ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளர் ஆனது யாரும் திட்டம் போட்டு நடந்ததல்ல. ஏற்காட்டில் எங்கள் கல்லூரி சிறியது. உடற்கல்விக்கு ஒரே ஓர் ஆள்தான் வைத்துக்கொள்ள முடியும். முன்பிருந்தவர் சேலத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு விண்ணப்பம் போட்டவர்களில் மலையிலேயே வீடு இருந்தது கலாவுக்கு மட்டும்தான். பனியிலும் மழையிலும் அதிகாலையில் வந்து நிற்கக்கூடிய ஆள் வேண்டும் என்று அவளை எடுத்தார்கள். பெண்கள் பிரிவில் கூடைப்பந்து ஆட ஐந்து பேர் தேறவில்லை. பையன்களில் தேறினார்கள்.

நான் அதே கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். பேர் ஈவ்லின். கலாவும் நானும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். மதியச் சாப்பாடும் சேர்ந்துதான்.

மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீட்டில் பிறந்தவள் அவள். அப்பா வேலுசாமிக்கும் அம்மாவுக்கும் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. டவுனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, உயரமாக இருக்கிறாளே என்று யாரோ பந்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் பந்தைக் கீழே வைக்கவில்லை. உடற்கல்வி படித்து முடித்து, முருகேசனைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டாவது குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போது எங்கள் கல்லூரிக்கு வந்தாள். முருகேசன் இன்னோர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்.

முதல் வருஷம் பையன்கள் அவளைச் சட்டை செய்யவில்லை. போட்டிக்குச் சேலத்துக்குப் போனால் நடுவரே அவளைத் தாண்டி எட்டிப் பார்த்து, "கோச் எங்கம்மா?" என்று கேட்பார். "நாந்தானுங்க" என்பாள்.

ஆனால் அவளுக்கு ஆட்டம் தெரிந்திருந்தது. மழைக்காலத்தில் எங்கள் மைதானத்தில் பாசி பிடித்துச் சிமெண்ட் தரை பச்சையாகிவிடும். துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு முதலில் அவள் இறங்குவாள். பார்த்துக்கொண்டு நிற்கக் கூச்சப்பட்டுப் பையன்களும் இறங்குவார்கள். பனி இறங்கினால் இந்தப் பக்கத்து ரிங்கில் நின்று அந்தப் பக்கத்து ரிங்கைப் பார்க்க முடியாது. அப்போதும் பயிற்சியை நிறுத்தமாட்டாள். "கண்ணு தெரியலைன்னா வாயத் தொறங்க சாமி. பேரச் சொல்லிப் பந்தக் கேளுங்க" என்பாள். வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, பனிக்குள்ளிருந்து பேர் பேராகக் கத்தும் சத்தம் கேட்கும். ஆளே தெரியாது. மலைமேல் வளர்ந்த பையன்கள் கீழே வெயிலில் சுருண்டுவிடுவார்கள் என்று, சீசனுக்கு முன் சனிக்கிழமைகளில் பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப்போய் உச்சி வெயிலில் ஓட விடுவாள்.

சில வருஷங்களில் மற்ற கல்லூரிகள் எங்களை மதிக்க ஆரம்பித்தன. மண்டலப் போட்டியில் அரையிறுதி வரை போனோம். அப்போதுதான் மாதேஷ் வந்து சேர்ந்தான்.

மாதேஷ் மஞ்சக்குட்டைக்கும் கீழே இறங்கிப் போகிற ஒரு மலையூர்ப் பையன். அப்பா சித்தன் சாமையும் கொஞ்சம் காப்பியும் பலாவும் வைத்திருந்தார். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் மாதேஷ். நல்ல உயரம். பேச்சு குறைவு. பந்து ரிங்கில் பட்டுத் திரும்பினால் எல்லார் தலைக்கும் மேலே போய் அதை எடுத்துவிடுவான். மூன்றாவது வருஷம் பல்கலைக்கழக அணிக்கு அவன் பேர் அடிபட்டது. போலீஸ் அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இறுதிப் போட்டிக்கு வருகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அந்த வருஷம் நாங்கள் முதல் தடவையாக மண்டல இறுதிக்குப் போயிருந்தோம்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு பயிற்சியின்போது மாதேஷ் ஓடிக்கொண்டிருந்தவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். கலா ஓடிப்போய்ப் பார்த்தபோது உதடு வெளுத்திருந்தது.

"என்ன சாமி பண்ணுது?"

"ஒன்னுமில்லீங்க மேடம். கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. காலைல சாப்புடலை."

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

அவன் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். அவள் மறுபடி கேட்டாள். இரண்டு மூன்று தடவை வந்திருப்பதாகச் சொன்னான்.

மறுநாளே சேலத்துக்குக் கூட்டிப்போனாள். இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தின் சதை தடித்திருக்கிறது என்றார். நடக்கலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம். ஆனால் இப்படி மூச்சிரைக்க ஓடக் கூடாது, ஓடும்போது இதயம் நின்றுபோனால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். இது பரம்பரையாக வருவது, கூடப் பிறந்தவர்களையும் பெற்றவர்களையும் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது என்றும் சொன்னார்.

எங்கள் முதல்வர் விடவில்லை. தனக்குத் தெரிந்த இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார். அவர் நிறைய யோசித்தார். விளையாட்டு வீரர்களுக்குச் சிலசமயம் இப்படித் தடித்துத் தெரிவதும் உண்டு, சில மாதம் ஓய்வு கொடுத்து மறுபடி பார்த்தால்தான் எதுவும் நிச்சயமாகத் தெரியும் என்றார்.

முதல்வர் அறையில் நானும் இருந்தேன். "பாருங்க, நிச்சயமில்லைன்னுதானே சொல்றார்? ஒரே ஒரு மேட்ச். அப்புறம் ஓய்வு எடுக்கட்டும்" என்றார் முதல்வர்.

"நிச்சயமில்லைன்னா எப்படிங்க சார் எறக்கறது?" என்றாள் கலா. அதற்கு மேல் அவர் எவ்வளவு பேசியும் அவள் அதையேதான் சொன்னாள்.

மாதேஷ் அவள் வீட்டுக்கே போய் நின்றான். கையெடுத்துக் கும்பிட்டான். "ஒரே ஒரு மேட்சுங்க மேடம். முழுசா வேண்டாம். கடைசிப் பத்து நிமிசம் போதும்." கலா அவனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். அவன் தட்டைத் தொடவில்லை. அவன் போன பிறகு முருகேசனும், "பையன் நொம்ப நொந்து போறான் கலா. நீ அவசரப்படறியோ?" என்று கேட்டாராம். "அவசரமோ என்னமோ, அவன் கீழ விழுந்தா தூக்கறது நான்தானுங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

இறுதிப் போட்டி சேலத்தில். மாதேஷ் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டைக்குள்ளே ஜெர்சி போட்டிருந்தது கழுத்தோரத்தில் தெரிந்தது. கலாவும் பார்த்திருப்பாள். ஆட்டம் முழுக்க எங்கள் பையன்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தெல்லாம் எதிரணிக் கைக்கே போனது. எங்கள் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் "மாதேஷ், மாதேஷ்" என்று கத்தினார்கள். அவன் எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான்.

"மேடம்" என்றான்.

கலா மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விசில் ஊதும்வரை விடவில்லை. தோற்றோம். அவன் கையை உதறிக்கொண்டு வெளியே போனான். எங்களோடு பஸ்ஸில் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு பேச்சு பலவிதமாகக் கிளம்பியது. வேறொரு பையனை முன்னுக்குக் கொண்டுவருவதற்காக மலைக்காரப் பையனை உட்கார வைத்துவிட்டாள் என்றார்கள். நோய் என்பதே கட்டுக்கதை என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கலா என்னையும் கூட்டிக்கொண்டு ஷேர் ஜீப்பில் மாதேஷின் ஊருக்குப் போனாள். டாக்டர் சொன்னதை வீட்டாரிடம் சொல்ல வேண்டும் என்றாள்.

சித்தன் வாசலில் காப்பிக் கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"ஏனுங்க டீச்சரம்மா, எம்பையனுக்கு நோவுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சது பத்தாதுங்களா? இப்ப எங்க எல்லாத்துக்குமே நோவுங்கறீங்களா?"

"நோவுன்னு சொல்லலீங்க. ஒருக்கா பாத்துட்டா நல்லதுன்னு சொன்னாங்க. உங்களுக்கும் பாப்பாவுக்கும்."

"எனக்கொரு பொண்ணு இருக்குதுங்க. நெஞ்சுல கோளாறுன்னு பேச்சு வந்தா எவன் வந்து கட்டுவான்? நான் மூட்டை தூக்கி மேடேறுறவன். எனக்கு என்னங்க நோவு? நீங்க போய்ட்டு வாங்க."

அவ்வளவு கோபத்திலும் அவர் வாயிலிருந்து அந்த 'ங்க' போகவில்லை. அவர் மனைவி பூவாயி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாதேஷ் வீட்டுக்குள்ளேதான் இருந்தான். வெளியே வரவில்லை.

பட்டப் படிப்பை முடித்துவிட்டு மாதேஷ் ஒண்டிக்கடை என்கிற முக்கில் செல்போன் கடை வைத்தான். கலா பஸ் பிடிக்க அந்த வழியாகத்தான் போகவேண்டும். அவள் வருவது தெரிந்தால் அவன் குனிந்து வேலையில் மும்முரமாகிவிடுவான். நாளும் பார்க்கிற முகம். ஆனாலும் ஒரு வார்த்தை கிடையாது.

அவள் அணி தொடர்ந்து ஜெயித்தது. இரண்டு வருஷம் கழித்து மண்டலக் கோப்பை வந்தது. பிறகு மறுபடி வந்தது. பல்கலைக்கழகப் போட்டியிலும் ஒருமுறை முதலிடம் பிடித்தோம். அவள் பையன்கள் போலீஸிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலைக்குப் போனார்கள். சீசன் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பையனையும் கூட்டிப்போய் இதயத்தைப் பார்த்துவிட்டுத்தான் பந்தைத் தொட விடுவாள். பாராட்டு விழாவில் முதல்வர் சிரித்துக்கொண்டே, "மேடம் கொஞ்சம் துணிஞ்சிருந்தா அலமாரியில இன்னொரு கோப்பை இருந்திருக்கும்" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த கலாவும் தட்டினாள். அன்று சாயங்காலம் என் வீட்டில் வந்து காப்பி குடித்தாள். குடித்த பிறகும் தம்ளரை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

போன வருஷம் தை மாதம், காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில், சித்தன் தோட்டத்திலிருந்து மூட்டையைத் தோளில் வைத்து மேடேறி வரும்போது விழுந்தார். ஆட்கள் ஓடிப்போய்த் தூக்கியபோது உயிர் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம்.

கலா அடக்கத்துக்குப் போனாள். நானும் போனேன். பெண்கள் கூட்டத்தில் சேராமல், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் தனியாக நின்றாள். அவளைப் பார்த்து யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் முடிந்து நாங்கள் திரும்ப நினைத்தபோது பூவாயி எழுந்து எங்களிடம் வந்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"அன்னைக்கு நீங்க சொன்னீங்களேம்மா, எல்லாத்தையும் பாக்கோணும்னு. இப்பப் பாக்கலாமுங்களா? எம்பொண்ணக் கூட்டிட்டுப் போறீங்களா?"

கலா அந்த அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "கூட்டிட்டுப் போறேனுங்க" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள், மாதேஷையும் அவன் தங்கை ஐஸ்வர்யாவையும் அழைத்துக்கொண்டு சேலத்துக்குப் போனோம். மாதேஷ் வந்தான், ஆனால் போகிறபோது எங்களிடமிருந்து தள்ளியே உட்கார்ந்திருந்தான். டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். மாதேஷுக்கு முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தடித்திருந்தது. ஐஸ்வர்யாவுக்கும் ஆரம்ப நிலையில் அதேதான். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாரம் தூக்கக் கூடாது, வருஷம் தவறாமல் வந்து காட்ட வேண்டும், பயப்படத் தேவையில்லை என்றார். அப்பாவுக்கும் இதுதானா என்று மாதேஷ் கேட்டான். இருந்திருக்கலாம், பார்க்காமல் எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவன் அதைத் திரும்பவும் ஒருமுறை கேட்டான். அவரும் அதையே சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஐஸ்வர்யா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எங்களுக்கு முன் சீட்டில் கலா இருந்தாள். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் மாதேஷ் பின்னாலிருந்து எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்கப்பா உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க மேடம்" என்றான்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல சாமி. புள்ளைக்காகப் பேசுனாரு."

பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கு நான் எறங்கியிருந்தா ஜெயிச்சிருப்போமுங்க."

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா கண்ணு. ஜெயிச்சிருப்போம்."

அவன் தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது, பூவாயியிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றித்தான்.

ஐஸ்வர்யா இப்போது எங்கள் கல்லூரியில் என் வகுப்பில் படிக்கிறாள். பூவாயி தோட்ட வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டார். கலாவுக்கு இன்னும் சில வருஷம் சர்வீஸ் இருக்கிறது. இந்த வருஷ அணி சுமார்தான், அரையிறுதிக்குப் போனாலே பெரிசு என்கிறாள். ஒண்டிக்கடையில் அவளைப் பார்த்தால் மாதேஷ் எழுந்து வணக்கம் வைக்கிறான். பஸ் வரும்வரை கடையில் உட்காரச் சொல்கிறான். மைதானத்துப் பக்கம் மட்டும் அவன் வருவதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை.