ஒத்திகைக்கு வந்த பெண்

சட்டக் கல்லூரியில் இவளுக்குக் 'கட்சிக்காரம்மா' என்று பட்டப்பெயர். ஏழைகளுக்காக வழக்காட ஆசைப்படும் ஜூனியர்களுக்குக் கடைசி வருடத்தவர்கள் வழிகாட்ட வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. பேருக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு கேன்டீனுக்கு நழுவுகிறவர்கள்தான் அதிகம். இவள் அப்படியல்ல. காலி வகுப்பறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் தானே கட்சிக்காரியாக உட்கார்ந்து, ஜூனியரை வக்கீலாக்கிக் கேள்வி கேட்கச் சொல்வாள்.

இவள் நடிப்பது எப்போதும் ஒரே பெண்ணைத்தான்: கணவன் வீட்டைவிட்டுத் துரத்திய ஒரு தையல்காரி. கைப்பை வாரை விரலில் சுற்றிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். என்னமாய் நடிக்கிறாள் என்று பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். நடிப்பாவது மண்ணாவது! தையல்காரி நிஜமாகவே இருந்தவள். போன வருடம் சட்ட உதவி மையத்தில் பயிற்சியில் இருந்தபோது இவள்தான் அவளை விசாரித்து மனு எழுதினாள். அந்த வீட்டிலேயே குடியிருக்கலாம் என்று உத்தரவு வந்த அன்று, மையமே இவளுக்குக் கைதட்டியது. உத்தரவோடு வீட்டுக்குத் திரும்பிய தையல்காரியைச் சில வாரங்களில் பிணமாகத்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

திரும்பிப் போகப் பயமா என்று இவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அதிலிருந்து தையல்காரி இவளை விடவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்கூட இவளுக்கு உடம்பு கூசும். ஒத்திகையில் ஒருத்தராவது அந்தக் கேள்வியைக் கேட்டுவிட மாட்டார்களா என்று ஏங்கினாள். எல்லோரும் கல்யாணச் சான்றிதழ், வாடகை ரசீது என்றே ஆரம்பித்தார்கள்.

அன்று எதிரில் உட்கார்ந்த ஜூனியர் ஒரு வாயில்லாப்பூச்சி. மறுநாள் மையத்தில், இதே போல் துரத்தப்பட்டு வந்த நிஜமான ஒரு பெண்ணை விசாரிக்கப் போகிறவள். இந்த ஜூனியரும் கேட்காமல் விட்டால் இன்னொரு உயிர் போகும்.

ஜூனியர் பேனாவை மூடி வைத்தாள். "அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக உங்களுக்குப் பயமா இல்லையா?"

கேட்டே விட்டாள். இவள் யோசித்து வைத்திராத பதில், தையல்காரியின் தாழ்ந்த குரலில் தானாக வந்தது.

"பயந்தாம்மா. ஆனா கேஸ்ல ஜெயிக்கணும்னு நீங்க அவ்வளவு ஆசையா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

ஜூனியர் திருதிருவென்று விழித்தாள். "நானாக்கா?"

"உன்னையில்ல," என்றாள் இவள். "என்னைச் சொல்றா."